பச்சைக் கட்டம்

ஜன்னலோரம் எனக்கு வேண்டாங்க, நீங்களே உக்காந்துக்கங்க. நான் இப்படி ஓரத்துல இருந்தாத்தான் எறங்க வசதி. வேடசந்தூர் தாண்டி வெள்ளைக்கரடு பிரிவுன்னு ஒரு ஸ்டாப்பிங் வரும். ஒரு புளியமரம், ஒரு பஞ்சர் கடை, வேற ஒண்ணும் இருக்காது. அங்க எறங்கணும் நானு. நீங்க எது வரைக்கும்? கரூரா? அப்பச் சரி. பேச்சு வாக்குல நான் மறந்துட்டேன்னா முழங்கையால ஒரு இடி இடிச்சு விடுங்க. இந்தக் கண்டக்டரைப் பாருங்க, வெள்ளைக்கரடுன்னு கேட்டா கரூருக்கு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போறாப்ல. போகட்டும், விடுங்க.

மடியில என்ன பைன்னு பாக்குறீங்க. புத்தகந்தான். வகைக்கெழுச் சமன்பாடுகள், பி.எஸ்.சி. பிள்ளைங்க படிக்கறது. எனக்கு இல்ல சாமி, எனக்கும் கணக்குக்கும் பத்தாங் கிளாஸோட முடிஞ்சு போச்சு. நான் லைப்ரரியன். பேரு சவடமுத்து. திண்டுக்கல் பக்கத்துல ஒரு காலேஜ், இருபத்தி நாலு வருஷ சர்வீஸ். காலேஜ் பேரு வேண்டாமே. நல்ல காலேஜ்.

அட்டை தேஞ்சு போயிருக்குன்னு பாக்குறீங்களா? அது பையில கெடந்து கெடந்து தேஞ்சது. படிச்சுத் தேயல.

உங்களுக்கு அந்தக் கொரோனா வருஷம் எப்படிங்க போச்சு? கடையை மூடிட்டீங்களா? அடப் பாவமே. எனக்கு நல்லாப் போச்சுங்க. இப்படிச் சொல்ல நாக்கு கூசுது, ஆனா நெசம் அதுதான். ஊரே வாயில துணியைக் கட்டிக்கிட்டுச் செத்துக்கிட்டு இருந்தப்ப எனக்கு மட்டும் நல்லாப் போச்சு. என் சர்வீஸ்லயே நான் தலைநிமிந்து நடந்த வருஷம் அதுதான்.

அதுக்கு முன்னால எனக்கு என்ன மரியாதை? லைப்ரரியன்னா பூட்டுச் சாவி வச்சிருக்கற ஆளு, அம்புட்டுதான். ஸ்டாஃப் மீட்டிங்ல கடைசி வரிசை. ஏதாவது ஒரு கமிட்டியில என் பேரு வந்தா, எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குய்யா காயுதுன்னு காமர்ஸ்காரர் ஒருத்தர் என் காதுபடவே சொல்லுவாரு. நானும் சேந்து சிரிப்பேன். சிரிக்காம என்ன பண்றது?

லாக்டவுன் போட்டாங்களா, காலேஜ் மூடியாச்சு. பிரின்ஸ்பால் எல்லாரையும் கம்ப்யூட்டர் மீட்டிங்ல கூப்பிட்டு, ஆளாளுக்கு ஏதாவது செய்யணும், பிள்ளைங்களோட தொடர்பு விட்டுப் போகக் கூடாது, சமுதாயத்தோடயும் விட்டுப் போகக் கூடாதுன்னாரு. வாத்தியாருங்க எல்லாம் முழிக்கிறாங்க. நான் யூடியூப்பைப் பாத்துப் பாத்து ஆன்லைன் வினாடி வினா போடக் கத்துக்கிட்டேன். நூலகத்தைப் பத்தி இருபது கேள்வி. எட்டு சரியாப் போட்டா உடனே மெயில்ல சர்டிபிகேட். தப்பாப் போட்டா? திரும்பப் போட்டுக்கலாம், அப்பவும் சர்டிபிகேட்.

ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு சர்டிபிகேட் போச்சுங்க. எல்லாத்துலயும் என் கையெழுத்து. ஜார்க்கண்ட்ல ஒரு பேராசிரியர் நன்றின்னு மெயில் போட்டாரு. அவருக்கு நம்ம காலேஜ் கெழக்கா மேக்கான்னு தெரியாது, ஆனா என் கையெழுத்து அவரு வீட்டுல இருக்கு. பிரின்ஸ்பால் மீட்டிங்ல என் பேரைச் சொல்லி, சவடமுத்து சாரைப் பாத்துக் கத்துக்கங்கன்னாரு. அந்தக் காமர்ஸ்காரர் மூஞ்சியைக் கட்டத்துக்குள்ள பாத்தேன். அன்னிக்கு எனக்கு ரெண்டு இட்லி கூட எறங்குச்சு.

நம்ம காலேஜுப் பிள்ளைங்க எத்தன பேரு எழுதுச்சுன்னு நீங்க கேக்கல. யாருமே கேக்கல. நாப்பத்தி மூணு பேரு.

சரி, அதுல ஒண்ணும் தப்பு இல்ல. நான் சொல்ல வந்தது அது இல்ல.

பிரின்ஸ்பால் இன்னொரு வேலையும் குடுத்தாரு. நலம் விசாரிப்புன்னு பேரு. ஆளுக்கு நாப்பது பிள்ளைங்க. வாரம் ஒரு தரம் எல்லாருக்கும் போன் போட்டுப் பேசணும், பேசினதைக் கம்ப்யூட்டர்ல ஒரு பொது ஷீட்டுல எழுதணும். எல்லாரும் அந்த ஷீட்டைப் பாக்கலாம். பேரு, தேதி, என்ன சொன்னாங்க, என்ன செஞ்சோம். கடைசியில ஒரு கட்டம், அதுக்குக் கலர் போடணும். நல்லாருந்தா பச்சை. கவனிக்கணும்னா மஞ்சள். படிப்பை விட்டுரும் போல இருந்தா சிவப்பு.

சிவப்பு விழுந்தா மெர்சி மேடம் கையில எடுத்துக்குவாங்க. கணக்கு டிபார்ட்மென்ட் தலைவி. பாக்கச் சின்ன உருவம், ஆனா பேச ஆரம்பிச்சாங்கன்னா ஒருத்தன் எதுத்துப் பேச முடியாது. அப்பன்காரனுக்குப் போனைப் போட்டு, பிள்ளையை நிறுத்திப் பாருங்க, நான் ஒங்க வாசல்ல வந்து உக்காந்துக்குவேன், எனக்கு நீங்கதான் சோறு போடணும்பாங்க. அப்படிப் பேசிப் பேசியே பதினாலு பிள்ளைங்களைத் திரும்பக் கொண்டாந்தாங்க. சிவப்பு எங்க இருக்குன்னு மட்டும் அவங்களுக்குக் காட்டணும், மீதியை அவங்க பாத்துக்குவாங்க.

மொத வாரம் நாப்பது பேரையும் கூப்பிட்டேங்க. நெசமாக் கூப்பிட்டேன். இன்னிக்கு நான் சொல்றதுல எதை நம்பாட்டியும் அதை நம்புங்க. பாதி நம்பர் வேலை செய்யல. ஒரு நம்பர் திருப்பூர்ல இருக்கற அண்ணன்கிட்டப் போகுது, ஒண்ணு மாவு மில்லுக்குப் போகுது. முப்பத்தொம்பது பேரை எப்படியோ பிடிச்சுட்டேன். ஒரு பிள்ளை மட்டும் கிடைக்கல. நாகஜோதி, ரெண்டாம் வருஷம் கணக்கு.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். மத்தியானம் ஒரு மணியானா லைப்ரரிக்கு வந்துரும். மூணாவது ஃபேனுக்குக் கீழ உக்காந்து, கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னால கணக்காப் போட்டுத் தள்ளும். புத்தகத்துல ஒரு கோடு போடாது, ஒரு ஓரத்தை மடிக்காது. இருபத்தி நாலு வருஷத்துல அப்படிப் பிள்ளைங்க விரல் விட்டு எண்ணலாம்.

மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். புது நம்பர்ல இருந்து போன்.

"சார், நான் நாகஜோதி. லைப்ரரி சார் எல்லாரையும் கூப்பிடறாருன்னு பிள்ளைங்க சொன்னாங்க, எனக்கு மட்டும் வரலையேன்னு நானே போட்டேன் சார். எங்க வீட்டுப் போனு உடைஞ்சு போச்சு. இது பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா போனு."

"சொல்லும்மா, எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன் சார். வகைக்கெழுப் புத்தகம் ஒண்ணு கிடைக்குமா சார்? பாதியில நிக்குது."

புத்தகம் வெளிய குடுக்கற மாதிரி இல்லம்மா, தொட்ட புத்தகத்தை மூணு நாள் தனியா வைக்கணும்னு உத்தரவுன்னு சொன்னேன். சரி சார்னுச்சு. நான் போனை வைக்கப் போனேன்.

"சார், இன்னொண்ணு சார். இனிமே காலேஜே திறக்காதுன்னு ஊருல பேசிக்கிறாங்க. அப்பாவும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காரு. பஞ்சு மில்லுக்கு ஆள் சேக்குறவங்க வேன்ல வந்து பேசிட்டுப் போறாங்க. அங்கேயே ஹாஸ்டல்ல தங்கி மூணு வருஷம் வேலை பாக்கணும். காலேஜ் திறக்கும், பிள்ளையை மில்லுக்கு அனுப்பாதீங்கன்னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொன்னா அப்பா கேப்பாரு."

நான் சொன்னா எதுக்குக் கேக்கணும்? அதையும் கேட்டேன். அது சொல்லுச்சு, "அட்மிஷன் அன்னிக்கு நீங்க அப்பாவை நாற்காலியில உக்கார வச்சீங்கள்ல சார்."

எனக்கு அது சுத்தமா ஞாபகமே இல்லங்க. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தப்ப லேசா வந்துச்சு. அவங்கப்பா பழனியாண்டி, ஆடு மேய்க்கறவரு. பிள்ளையைச் சேக்க வந்துட்டு, ஆபீஸ்ல அங்க போ இங்க போன்னு விரட்டி, கடைசியில லைப்ரரி வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நின்னுருக்காரு. உள்ள வாங்கய்யான்னு கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழ ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு சொம்புத் தண்ணி குடுத்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. அதுக்கு அவரு ஊருல போய், வாத்தியாருங்க நெறையப் பேரு இருக்காங்க, ஆனா புத்தகத்துக்காரர்தான் சாரு அப்படின்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு.

"செவ்வாக்கிழமை அப்பா வீட்டுல இருப்பாரு சார். அன்னிக்கு ஆடு மேய்க்கறது சித்தப்பா முறை. நாலு மணிக்குச் செல்வராணி அக்காவும் வேலைக்குப் போயிட்டு வந்துரும். இந்த நம்பருக்கே போடுங்க சார். குறிச்சுக்கிட்டீங்களா சார்?"

"குறிச்சுக்கிட்டேம்மா. கண்டிப்பாக் கூப்பிடறேன்."

காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனு, கையில பிழியாத துண்டு. எதுல குறிச்சேன் நானு?

ஆனா அன்னிக்குச் சாயங்காலமே ஷீட்டுல சிவப்புப் போட்டேங்க. தந்தையிடம் நானே பேசுகிறேன், செவ்வாய் நான்கு மணி அப்படின்னு எழுதினேன். அது வரைக்கும் நான் ஒழுங்கான மனுஷந்தான்.

அந்தச் செவ்வாக்கிழமை நாலு மணிக்குத்தான் என்னோட வெபினாரு. ஆறு காலேஜ் லைப்ரரியனுங்க, நூத்தி எண்பது பேரு கேக்குறாங்க, மொதப் பேச்சு என்னோடது. பெருந்தொற்றுக் காலத்தில் நூலகமும் சமூகமும். வேட்டி சட்டை போட்டு, பின்னால புத்தக அலமாரி தெரியற மாதிரி உக்காந்துருக்கேன். நாலேகாலுக்கு ஞாபகம் வந்துச்சுங்க. வாசகன் நம்மைத் தேடி வர முடியாத நாளில் நாம்தான் வாசகனைத் தேடிப் போக வேண்டும்னு படிச்சுக்கிட்டு இருக்கேன், டக்குன்னு அந்தப் பிள்ளை குரலு. ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, ஒரு அவசர போன்னு சொன்னா யாரு வேண்டாங்கப் போறா? நிறுத்தலையே. முடிஞ்சப்ப அஞ்சரை. அப்புறம் ஒரே பாராட்டு. ஜார்க்கண்ட்காரர் கூட வந்துருந்தாரு. சரி, நாளைக்குப் பேசுவோம்னு விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால்கிட்ட இருந்து மெசேஜ். எல்லாரும் அஞ்சு மணிக்குள்ள ஷீட்டை முடிங்க, யுனிவர்சிட்டிக்குப் போகணும்னு. தெறந்து பாக்குறேன். என்னோட நாப்பது வரியில முப்பத்தொம்பது பச்சை, ஒரே ஒரு சிவப்பு. வெள்ளை வேட்டியில வெத்தலை எச்சில் பட்ட மாதிரி அது ஒண்ணு மட்டும் உறுத்துது.

இந்த எடத்துல எங்க தொழில் பழக்கம் ஒண்ணு சொல்லணும், இல்லாட்டி ஒங்களுக்குப் புரியாது. வருஷா வருஷம் லைப்ரரியில இருப்பு எடுப்போம். லிஸ்டைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு புத்தகமாப் பாத்து டிக் போடணும். ஒரு புத்தகம் தட்டுல இல்லேன்னு வைங்க, அதுக்காக எழுதிக் குடுத்து, விளக்கம் சொல்லி, எவன் அலையறது? எங்கயாவது உள்ளதான் இருக்கும், அப்புறம் தேடிக்கலாம்னு டிக்கைப் போட்டுருவோம். பாதிக்குப் பாதி அப்புறமா ஆம்பிட்டுரும். ஆம்பிடாததும் உண்டு. எங்க லைப்ரரியில வருஷா வருஷம் டிக் வாங்கிக்கிட்டு இருக்கற புத்தகம் முப்பது நாப்பது தேறும், கண்ணால பாத்தவன் ஒருத்தன் கிடையாது.

அப்படித்தாங்க டிக் போட்டேன். தந்தையிடம் பேசினேன், படிப்பைத் தொடரச் சம்மதித்தார் அப்படின்னு எழுதி, சிவப்பைப் பச்சையாக்கிட்டேன். பொய்யி எழுதறோம்னு அப்பத் தோணல. செய்யப் போறதை முன்கூட்டியே எழுதி வச்சுக்கறோம்னு தோணுச்சு. வர்ற செவ்வாக்கிழமை பேசிட்டா சரியாப் போச்சு, யாருக்கு என்ன நட்டம்?

வந்த செவ்வாக்கிழமையும் பேசல. ஒரு வாரம் தள்ளிப் போனா கூப்பிட வெக்கமா இருக்கு. ரெண்டு வாரம் ஆனா பயமா இருக்கு. ஏன் சார் கூப்பிடலன்னு அது கேட்டா என்ன சொல்றது? மூணாவது வாரத்துல இருந்து யாரையுமே கூப்பிடலங்க. நாப்பது வரியிலயும் நலம், வாசிக்கிறார், நலம், வாசிக்கிறார்னு ஒரே தட்டாத் தட்டி ஒட்டிட்டேன். நான் மட்டுமா செஞ்சேன்? காமர்ஸ்காரர் மொத வாரமே ஒட்ட ஆரம்பிச்சுட்டாரு. சத்தியமாச் சொல்றேன், காலேஜுல பாதிப் பேரு அப்படித்தான்.

ஆமாங்க. நான் மட்டுமான்னு கேட்டுக்கிட்டுத்தான் இம்புட்டு நாளை ஓட்டினேன்.

அந்த வருஷக் கடைசியில லைப்ரரியன் சங்கத்துல எனக்கு ஒரு ஷீல்டு குடுத்தாங்க. சிறந்த சமுதாயத் தொடர்புன்னு. கண்ணாடி ஷீல்டு, நல்ல கனம். என் மேசை மேல இருக்கு. இன்னிக்கும் காலையில துடைச்சுட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் காலேஜ் தெறந்துச்சு. மத்தியானம் மூணாவது ஃபேனுக்குக் கீழ ஆள் இல்ல. நான் கவனிச்சேனா? கவனிக்கல. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பயந்து, ஒளிஞ்சு, தெரிஞ்சே மறைச்சிருந்தாக் கூட ஒரு மனுஷன்னு சொல்லிக்கலாம். நான் மறந்தே போயிட்டேங்க.

ரெண்டு வருஷம் கழிச்சுத் தரம் பாக்குற குழு காலேஜுக்கு வந்துச்சு. வெளியூர்ல இருந்து பெரிய பெரிய பேராசிரியருங்க. லைப்ரரி சார்பா நான் திரையில படம் போட்டுப் பேசணும். சர்டிபிகேட் கணக்கு, வெபினார் போட்டோ எல்லாம் போட்டேன். மனசைத் தொடற மாதிரி ஒண்ணு வேணுமேன்னு பழைய ஷீட்டைத் தேடினேன். எல்லா வரியும் நலம் வாசிக்கிறார்னு ஒரே மாதிரி இருக்கு. ஒரே ஒரு வரிதான் வேற மாதிரி, கதை மாதிரி அழகா இருக்கு. சிவப்பா இருந்து பச்சையான வரி. அதையே எடுத்துப் பெருசாக்கித் திரையில போட்டேன். தந்தையிடம் பேசினேன், படிப்பைத் தொடரச் சம்மதித்தார். ஒரு லைப்ரரியன் போன் போட்டு ஒரு பெண்ணோட படிப்பைக் காப்பாத்தினார்னு சொல்லிக் கையைக் கூப்பினேன். சத்தியமாச் சொல்றேங்க, அந்த நேரத்துல நான் பேசினேன்னே நம்பிட்டேன். குழுத் தலைவர் கை தட்டினாரு.

மூணாவது வரிசையில மெர்சி மேடம் உக்காந்திருந்தாங்க. அவங்க கை தட்டல. திரையைப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

குழு போனப்புறம் லைப்ரரிக்கு வந்தாங்க. உக்காருங்க மேடம்னேன், உக்காரல.

"சார், நாகஜோதி படிப்பை முடிக்கலையே. மூணாம் வருஷத்துக்கே வரலையே. நீங்க அவங்கப்பாகிட்டப் பேசினீங்களா?"

"பேசினேன் மேடம். அப்ப சரின்னாரு. அப்புறம் மனசு மாறியிருக்கும். நாம என்ன பண்ண முடியும்?"

பட்டுன்னு வருதுங்க வாயில, யோசிக்கவே வேண்டியதில்ல. மேடம் சொன்னாங்க.

"அந்த வெள்ளிக்கிழமை சிவப்பு லிஸ்ட்ல அவதான் சார் எனக்குக் கடைசி. போனைக் கையில எடுத்துட்டேன். எதுக்கும் ஒரு தரம் ஷீட்டைப் பாப்போம்னு பாத்தேன். பச்சை ஆயிருந்துச்சு. அப்பாடா, சவடமுத்து சார் பேசிட்டார்னு போனைக் கீழ வச்சுட்டேன்."

புரியுதுங்களா? நான் பேசாம விட்டது ஒண்ணு. அதைக் கூட மன்னிக்கலாம். பேச இருந்தவங்களையும் பேச விடாமப் பண்ணிட்டேன். நான் சும்மா இருந்திருந்தா, அந்தச் சிவப்பை அப்படியே விட்டுருந்தா, அந்தப் பிள்ளை பொழச்சிருக்கும். மெர்சி மேடம் பேசி ஒரு அப்பனும் மாட்டேன்னு சொன்னதில்ல.

அந்தப் பொங்கலுக்கு மேடம் அந்தப் பிள்ளை ஊரு வெள்ளைக்கரட்டுக்கே போயிட்டாங்க. வயசானவங்க, டவுன் பஸ்ல போய், பிரிவுல எறங்கி நடந்து போயிருக்காங்க. மில்லுல இருந்து அந்தப் பிள்ளையும் பொங்கலுக்கு வந்திருந்துச்சு. திரும்பி வந்து என்கிட்டச் சொன்னாங்க. சத்தம் போடலங்க. சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு சத்தம் போட்டு ஆறியிருப்பேன்.

"பதினோரு செவ்வாக்கிழமை சார். பதினோரு செவ்வாக்கிழமையும் நாலு மணிக்குச் செல்வராணி வீட்டுல போய் உக்காந்திருக்கா. அவ மட்டும் இல்ல, அவங்கப்பாவும். சார் பேசுவாருன்னு மூஞ்சி கை கால் கழுவிட்டு, சட்டை போட்டுக்கிட்டு வந்து உக்காருவாராம். போன்ல பேசறதுக்கு எதுக்குப்பா சட்டைன்னு செல்வராணி கேட்டதுக்கு, அவரு என்னை நாற்காலியில உக்கார வச்ச மனுஷன்னாராம். ஆறு மணி வரைக்கும் இருந்துட்டு, சாருக்கு இன்னிக்கு என்ன வேலையோன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போவாராம். பன்னெண்டாவது செவ்வாக்கிழமை மில்லு வேன் வந்துருச்சு."

எங்க போயி மூஞ்சியை வச்சுக்கறது, சொல்லுங்க. அந்தச் சட்டை ஒண்ணு போதுங்க எனக்கு. ஆடு மேய்க்கற மனுஷன், என் குரலுக்கு மரியாதை குடுத்துச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் இங்க ஜார்க்கண்ட்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன். தூ.

அந்தப் பிள்ளையே எனக்கு இன்னொரு தரம் போன் போட்டிருக்கலாமேன்னு கேட்டேன். கேக்கக் கூடாதுதான், கேட்டுட்டேன். மேடம் சொன்னாங்க, "சார் குறிச்சுக்கிட்டேன்னு சொன்னாரு மேடம், ரெண்டாந் தரம் நச்சரிச்சா நல்லாருக்காதுன்னு இருந்துட்டேன்னு சொல்றா."

மேடம் எனக்கு வேற தண்டனை ஒண்ணும் குடுக்கல. பிரின்ஸ்பால்கிட்டச் சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "நேர்ல போங்க சார். நான் கூப்பிடல, கூப்பிட்டதா எழுதிட்டேன்னு அவகிட்டயும் அவங்கப்பாகிட்டயும் சொல்லுங்க. படிப்பைத் திரும்ப எழுத இன்னமும் வழி இருக்கு, அதை நான் பாத்துக்கறேன். ஆனா காலேஜுன்னாலே அவங்கப்பாவுக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு. நீங்க போய்ச் சொன்னாத்தான் எனக்குப் பேச வாய் இருக்கும்."

போறேன் மேடம்னேன்.

போனேன்னு நெனைக்கிறீங்களா? மூணு வாரம் கழிச்சு, போனீங்களா சார்னு கேட்டாங்க. போயிட்டு வந்துட்டேன் மேடம், நல்லாருக்கா, மன்னிச்சுட்டா, இனிமே படிப்பு வேண்டாம்னு சொல்லிட்டான்னு சொன்னேன்.

ஆமாங்க. அப்படியேதான் சொன்னேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் சரி. அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இப்பத்தான் சார் எனக்கு நிம்மதின்னாங்க. அந்த வருஷம் ரிட்டையர் ஆகி மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டாந் தரமும் நான் பச்சையைப் போட்டேன், ரெண்டாந் தரமும் அவங்க போனைக் கீழ வச்சுட்டாங்க.

அந்தப் பிள்ளைக்கு இப்ப மில்லு ஹாஸ்டல் முடிஞ்சு போச்சு. வீட்டுல இருந்தே வேன்ல போய் வருது. செவ்வாக்கிழமை வார லீவு. விசாரிச்சு வச்சிருக்கேன். அதான் செவ்வாக்கிழமை பாத்து அரை நாள் லீவு போட்டுட்டு வர்றேன். அது கேட்ட புத்தகத்தை அது கார்டுலயே பதிஞ்சு எடுத்துட்டு வந்திருக்கேன். அந்தக் கார்டை இன்னும் ரத்துப் பண்ணல நானு.

ஐயோ, இடிக்காதீங்க. தெரியுங்க. புளியமரம் போச்சு, பஞ்சர் கடை போச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

கண்டக்டர் ஒண்ணும் கேக்கல பாத்தீங்களா? முன்னெல்லாம், சார் பிரிவு வருது, எறங்குங்கன்னு கொரல் குடுப்பாப்ல. நாலு வாரம் குடுத்தாப்ல. இப்பக் குடுக்கறதில்ல. நேரா கரூருக்கே டிக்கெட்டு. ஆறு மாசமா இப்படித்தாங்க போயிட்டுப் போயிட்டு வர்றேன். யாராவது பக்கத்துல கிடைச்சா இதையெல்லாம் சொல்லுவேன். சொல்லி முடிக்கையில பிரிவு தாண்டியிருக்கும்.

அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பி நடக்கலாம்தான். ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. முழங்கால் வலி... இல்லங்க, முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளை என்னை நல்லா நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேட்டாத் தேவல. காறித் துப்பினாலும் வாங்கிக்கிட்டு வந்துருவேன். அது செய்யாதே. வாங்க சார்ம்பா. அவங்கப்பா உள்ள ஓடிப் போய்ச் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து எனக்கு ஒரு நாற்காலியை எடுத்துப் போடுவாரு. அதுல நான் எப்படிங்க உக்காருவேன்?

ஒரு உதவி பண்ணுங்களேன். இத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கேன், யாருகிட்டயும் இதைக் கேட்டதில்ல. வர்ற செவ்வாக்கிழமை நாலு மணிக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. எறங்கினியாடான்னு கேளுங்க. டான்னே கேளுங்க, பரவால்ல. கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சா எறங்கிருவேன் நானு. நெசமா. ஒங்ககிட்ட மட்டும் பொய் சொல்ல மாட்டேன். நம்பர் சொல்றேன், குறிச்சுக்கங்க.

சொல்லிட்டேன். திரும்ப ஒரு தரம் சொல்லட்டுமா? வேண்டாமா?

கண்டிப்பாக் கூப்பிடறேங்கறீங்க. சந்தோஷங்க.

ஒங்க போனு சட்டைப் பையில இருக்கு, நீங்க எடுக்கவே இல்லையே. பரவால்ல, பரவால்ல, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். செவ்வாக்கிழமை நாலு மணிக்கு நான் போனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பேன். அன்னிக்கு வராட்டி அடுத்த செவ்வாக்கிழமையும் உக்காந்திருப்பேன்.